டிரையர் ஜீவராஜ் பீலிக்குப் போன காரணம்

உஷ்ணம் என்ற ஒரு விஷயத்தில், வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போகும் தோட்டங்கள் அத்தனையிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது ஜீவராஜின் தாழ்மையான அபிப்பிராயம். தாழ்மையானது என்பதால் அதை அவன் நாளுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் சொல்வதில்லை.

தோட்டத்து ஸ்டோரில், அதாவது கொழுந்து தூளாகிற தொழிற்சாலையில், டிரையர் அவன் பொறுப்பு. அரைத்துப் புளிக்கவைத்த கொழுந்து கடைசியில் வந்து காத்து நிற்பது ஜீவராஜுக்கு முன்னால்தான். அடுப்புக் காற்று உரிய சூட்டுக்கு ஏறாமல் ஒரு பிடி இலையைக்கூட அவன் உள்ளே விடமாட்டான். ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயாவே வந்து அவசரப்படுத்தினாலும் கையைக் கட்டிக்கொண்டு சூடு காட்டும் முள்ளைப் பார்த்தபடி நிற்பான். "சூடு ஏறணும்ங்க ஐயா. ஏறுறதுக்கு முந்திப் போட்டா அவிஞ்சி போயிரும்" என்பான். முள் ஏறிய பிறகுதான் கை அசையும். இந்த ஒரு நியாயத்தை வைத்துக்கொண்டே அவன் வாழ்க்கையை நடத்திவந்தான். சோறு வடிப்பது, மழை வருமா என்று சொல்வது, மச்சானுக்குப் பெண் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது.

பொருந்தாத இடம் ஒன்று இருந்தது. அவனுக்கும் சுலக்ஷனாவுக்கும் கலியாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை.

சுலக்ஷனா மலையில் கொழுந்து எடுப்பவள். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் அதற்குமேல் பேச எதுவும் மிச்சமிருக்காது. இந்த ஏழு வருஷத்தில், ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் காம்பரா காம்பராவாகக் குடியிருந்த லயத்தார் சொன்ன யோசனைகள் எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள். பாதியைச் செய்தாள். மீதியைச் செய்ததாகச் சொன்னாள்.

கடைசியில் இரண்டு பேரும் நுவரெலியாவுக்குப் போய் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பேரையும் சோதித்துவிட்டு, பெரிய கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லி, சுலக்ஷனாவுக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலையில் கண் விழித்ததும், எழும்பாமல், பேசாமல், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்காமல், நாக்குக்கு அடியில் தர்மாமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிவருகிற சமயத்தை ஒட்டி உடம்பின் சூடு கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், ஏறும்.

அதற்குப் பிறகும் டாக்டரம்மா நிறையச் சொன்னார். ஜீவராஜ் மரியாதையாகத் தலையாட்டினான். ஆனால் 'சூடு ஏறும்' என்ற இடத்திலேயே அவன் காது கடையைச் சாத்திவிட்டது. ஏழு வருஷமாகச் சாமி கையிலும் சாத்திரக்காரர் கையிலும் இருந்த காரியம் ஒருவழியாக அவன் இலாகாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. சுலக்ஷனாவும் பாதியைத்தான் கேட்டாள். எழும்பாமல் பேசாமல் ஒரு லயத்தில் எப்படிப் பொழுது விடியும் என்ற யோசனையில் அவள் இருந்தாள்.

திரும்பும் வழியில் தலவாக்கலையில் இறங்கி இக்ராம் நானாவின் மருந்துக்கடைக்குப் போனார்கள். ஜீவராஜ் பேட்டரி தர்மாமீட்டர் ஒன்று கேட்கவில்லை, இரண்டு கேட்டான். இரண்டையும் இரண்டு அக்குளிலும் வைத்துக்கொண்டு, சிறகு ஒடிந்த கொக்கு மாதிரி கடை நடுவே நின்றான். மருந்து வாங்க வந்தவர்கள் இவனுக்கு ஏதோ ஒட்டுகிற வியாதி என்று வாசலோடு நின்றுவிட்டார்கள்.

"இது மனுசருக்கு வைக்கிறது தம்பி. தேயிலைக்கு இல்ல" என்றார் இக்ராம் நானா.

"தெரியும் நானா. ரெண்டும் ஒரே கணக்குக் காட்டுதான்னு பாக்குறேன்."

"காட்டாட்டி?"

"எது பொய் சொல்லுதுன்னு கண்டுபுடிக்கணும்."

"அப்ப மூணாவதும் ஒண்ணு வாங்கணுமே" என்றார் இக்ராம் நானா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். சுலக்ஷனா ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மற்றதைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

முதல் வாரம் குளறுபடியாகப் போனது. லயத்துக்கு ஒரே பீலி. மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிற தண்ணீர். இருட்டோடு போகாவிட்டால் வரிசையில் நின்றே, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிவிடும். பழக்கத்தில் சுலக்ஷனா கண் விழித்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, புருஷனுக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து, தானும் ஒரு வாய் குடித்த பிறகு ஞாபகம் வரும். ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டு தர்மாமீட்டரை வாயில் வைப்பாள். பீலியிலிருந்து நேரே வந்த அன்று அது பிரேதத்தின் சூட்டைக் காட்டியது. பிளேன்டீ குடித்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சூட்டைக் காட்டியது.

ஜீவராஜ் கலண்டரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்துப் பார்த்தான். பட்டிப்பொல மலைகளைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருந்தது.

"நாளையிலேர்ந்து தண்ணிக்கு நான் போறேன்" என்றான்.

"நீங்களா?"

"ஏன், பீலி ஆம்பளைக்குத் தண்ணி விடாதா?"

விட்டது. ஆனால் அந்தப் பீலியடியில் அதிகாலையில் குடத்தோடு ஓர் ஆண்பிள்ளை வந்து நின்றது லயம் கட்டிய நாளிலிருந்து அபூர்வம். வரிசையில் பேச்சு நின்றது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நாகலெட்சுமி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். லயத்தில் எந்தச் செய்தியும் அவர் பார்வைக்குப் போகாமல் வெளியாவதில்லை.

"என்ன தம்பி, குடமும் கையுமா? சுலா எங்க?"

"படுத்திருக்கா அக்கா."

"மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. காலையில டக்குனு எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாகலெட்சுமி அக்காவும் அடுத்து நின்றவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் குடத்தை முன்னால் வாங்கி வைத்தார்கள்.

அன்று பின்னேரம் நாகலெட்சுமி அக்காவிடமிருந்து ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு வந்து சேர்ந்தது. சுலக்ஷனா மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"பீலியில என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"உள்ளதைச் சொன்னா அச்சாறு வராதே."

விஷயம் புரிந்ததும் ஜீவராஜ் எழுந்து போய் மறுத்துவிட்டு வரப் பார்த்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"இல்லன்னு சொன்னா, அப்ப ஏன் படுத்திருக்கான்னு கேப்பாங்க. தர்மாமீட்டருன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. எதுக்குன்னு சொன்னா, என்னைக்குன்னு கேப்பாங்க" என்றான்.

நியாயமாகத்தான் பட்டது. சுலக்ஷனா ஒரு துண்டு அச்சாறு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இந்த மாசம் எப்படியும் ஆயிரும். ஆயிட்டா இது பொய்யே இல்ல. கொஞ்சம் முந்திச் சொன்ன நெசம்" என்றான் ஜீவராஜ்.

இப்போது புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. பாதி மாதம் கீழே ஒரு வரிசை. பிறகு ஒரு நாள் படி ஏறின மாதிரி மேலே. அந்த நாளைச் சுற்றி ஜீவராஜ் ஒரு வட்டம் போட்டான். அன்று ஸ்டோரிலிருந்து நேரத்தோடு வந்து, சுடுதண்ணீர் வைத்துக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, முள்ளைப் பார்த்து நிற்கிற அதே முகத்தோடு காம்பராவுக்குள் நுழைந்தான்.

"ஏறிருச்சு" என்றான்.

"நான் என்ன ஸ்டோரு மிசினா?" என்றாள் சுலக்ஷனா. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த மாதம் ஆகவில்லை. அடுத்த மாதமும் வட்டம் போட்டான், குளித்தான், சீவினான். ஆகவில்லை. அதற்கடுத்த மாதமும் அதே கதை. ஆனால் சுலக்ஷனாவின் வயிற்றில் இல்லாத பிள்ளை லயத்தாரின் வாயில் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்து வந்தது. நாகலெட்சுமி அக்கா விரல் மடக்கிக் கணக்கு வைத்திருந்தார். வயிறு தெரியவில்லையே என்று யாரோ கேட்டபோது, "மொதப் புள்ள, மெதுவாத்தான் தெரியும்" என்று அவரே தீர்ப்பும் சொன்னார். மலையில் சின்னத்தம்பி கங்காணி சுலக்ஷனாவைச் செங்குத்தான பக்கம் ஏறவிடாமல், ரோட்டோரத்துச் சமதரை நிரையைக் கொடுத்தார். "நீ மேல ஏற வேணாம் புள்ள" என்று அவர் சொன்ன குரலில், தோட்டத்தில் யாரும் இதுவரை கேட்டிராத ஒரு கனிவு இருந்தது.

ஒரு நாள் ஜீவராஜ் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு மூட்டாமல் கிடந்தது. சுலக்ஷனா கொழுந்துக்கூடையைக்கூட இறக்கி வைக்காமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"இன்னைக்கு எனக்குக் கீழ் நிரை. ராமாயி அம்மா முட்டி வலியோட மேல ஏறுறாங்க. போகும்போது எந்தலையைத் தடவிட்டுப் போறாங்க." நெற்றியில் கிடந்த கூடைக் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டாள். "இல்லாத புள்ளைக்கு எல்லாரும் எடம் விடுறாங்க."

ஜீவராஜ் கயிற்றை அவள் தலையிலிருந்து எடுத்துக் கூடையை இறக்கினான். அடுப்பை மூட்டினான். அது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மிட்வைஃப் பிரியந்தி மிஸ் வந்தார். குடையை மடக்கி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சாத்திய விதத்திலேயே கோபம் தெரிந்தது. பக்கத்துக் காம்பராவின் ஜன்னல் சீலை ஒரு சாண் விலகியது.

"என் ஏரியாவுல நாலு மாசமா முழுகாம இருக்கிற தாய் ஒருத்தி இன்னும் பதியாம இருக்கான்னு கடையில வச்சு நான் கேள்விப்படுறேன். பெரிய மிஸ் என்னைக் கேட்டா நான் என்ன சொல்றது?"

சுலக்ஷனா அவரை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "புள்ள இல்ல மிஸ்" என்றாள்.

பிரியந்தி மிஸ் பையைக் கீழே வைத்தார். குரல் தாழ்ந்தது. "கலைஞ்சிருச்சா?"

"வரவே இல்ல மிஸ்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்: டாக்டரம்மா, தர்மாமீட்டர், பீலி, அச்சாறு. ஜீவராஜ் தன் பங்குக்குக் கலண்டர்களைக் கொண்டுவந்து பாய்மேல் விரித்தான். இந்த வேலையைப் பார்த்து மிஸ் ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று அவன் எதிர்பார்த்தது நிஜம்.

"கோடு ரொம்ப ஒழுங்கா இருக்கு" என்றார் மிஸ். ஜீவராஜ் நிமிர்ந்தான். "இந்த வட்டம் எதுக்கு?"

"சூடு ஏறின நாள் மிஸ்."

"அது கோட்டிலயே தெரியுதே. வட்டம் எதுக்கு?"

ஜீவராஜ் கூரைத் தகரத்தைப் பார்த்தான். சுலக்ஷனாதான் சொன்னாள். "அன்னைக்குத்தான் மிஸ் இவரு குளிச்சிட்டு வருவாரு."

"அன்னைக்கு மட்டுமா?"

"ஏறாம எப்படி மிஸ்?" என்றான் ஜீவராஜ். "ஏறுறதுக்கு முந்தி போட்டா…" என்று தொடங்கி, இது ஸ்டோர் அல்ல என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான்.

பிரியந்தி மிஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது அவர் உத்தியோகத்தில் பாதி. கலண்டரைத் தன் பக்கம் இழுத்து, வட்டத்துக்கு முந்தைய நாட்களின்மேல் விரலை வைத்தார்.

"முட்டை வெளிய வந்த பிறகுதாங்க சூடு ஏறும். ஏறினது உங்களுக்குத் தெரியும்போது ரயில் ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும். இது நாள் குறிச்சுத் தராது, நாள் போயிருச்சுன்னு சொல்லும். இத்தனை மாசக் கோட்டைப் பாத்தா எப்ப ஏறும்னு ஒரு குத்துமதிப்பு கெடைக்குதில்ல? அதுக்கு முந்தின நாலஞ்சு நாளுதான் நாளு."

"அப்ப நாங்க இத்தனை மாசமும்…"

"போன ரயிலுக்குக் குளிச்சிட்டு நின்னுருக்கீங்க" என்றார் மிஸ். "சூட்டை மட்டும் நம்பவும் வேணாம். உடம்பு வேற அடையாளமும் காட்டும். அதை நான் சுலாகிட்ட சொல்றேன். நீங்க போயி தேத்தண்ணி போடுங்க."

ஜீவராஜ் அடுப்படிக்குப் போனான். சூடு ஏறிய பிறகுதான் எதுவும் என்ற நியாயம் அவன் கண்முன்னாலேயே செத்து விழுந்திருந்தது. துக்கத்தில், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே தேயிலையைப் போட்டுவிட்டான். மிஸ் ஒரு வாய் குடித்தார். மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்தார்.

போகும்போது சுலக்ஷனா கேட்டாள். "வெளியில கேட்டா என்ன சொல்லுவீங்க மிஸ்?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா கோயிலடியில உனக்கு வளைகாப்புப் போடுறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அதையும் தெரிஞ்சு வச்சுக்கோ."

மறுநாள் காலையில் ஜீவராஜ் குடத்தோடு வரிசையில் நின்றபோது, பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுலக்ஷனா தலையைக்கூட முடியாமல் வந்துகொண்டிருந்தாள். அவன் வேண்டாம் என்று கண்ணால் சொன்னான். அவள் அவனைத் தாண்டி நாகலெட்சுமி அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நான் முழுகாம இல்ல. இதுவரைக்கும் இருந்ததும் இல்ல. காலையில எந்திரிக்கிறதுக்கு முந்தி சூடு பாக்கணும், புள்ளைக்கு நாள் தெரியிறதுக்கு. அதுக்காகத்தான் அவரு தண்ணிக்கு வர்றாரு."

பீலியின் கீழ் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"அப்ப நான் குடுத்த அச்சாறு?" என்றார் நாகலெட்சுமி அக்கா.

"சாப்பிட்டோம்கா. நல்லா இருந்துச்சு."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?"

"வந்துரும்னு நெனச்சோம்" என்றாள் சுலக்ஷனா.

நாகலெட்சுமி அக்கா வழிந்த குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, ஜீவராஜின் குடத்தை வாங்கிப் பீலியில் வைத்தார்.

"காலையில எத்தனை மணிக்கு வைக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அன்று அவள் கங்காணியிடமும் சொல்லி, செங்குத்துப் பக்கம் ஏறினாள். ராமாயி அம்மா ரோட்டோரத்து நிரைக்கு வந்தார்.

ஜீவராஜ் பயந்தது அப்படியே நடந்தது. எதுக்கு என்று தெரிந்த லயம், என்னைக்கு என்றும் தெரிந்துகொண்டது. ஆனால் அவன் நினைத்துக்கூடப் பார்க்காத விதத்தில் நடந்தது. விடியற்காலையில் அந்தப் பக்கத்தில் ரேடியோ முனகலாகிவிட்டது. கோயில் ஒலிபெருக்கி ஆலமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. சேவல் ஒன்றை மாத்திரம் யாராலும் கட்டுப்படுத்த முடியவில்லை. மிஸ் சொன்ன அந்த நாலைந்து நாட்களில் ஜீவராஜைக் கேரம் விளையாட ஒருவரும் கூப்பிடவில்லை. டீமேக்கர் ஐயா டிரையர் பக்கம் வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "மாயாண்டி பாத்துக்குவான், நீ போ" என்றார். என்ன காரணம் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் ஒன்றும் தெரியாத மாதிரி அவ்வளவு கண்ணியமாக நடந்துகொண்டதை அந்த ஸ்டோர் அதற்கு முன் பார்த்ததில்லை. லயத்துக்கு வந்தால், அவன் வருகிறான் என்று தெரிந்ததும் இஸ்தோப்புகளில் இருந்தவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மானம் போகிற காரியம்தான். ஆனால் அந்தச் சாயங்காலங்களில் சுலக்ஷனா சிரித்த சிரிப்பை அவன் கலியாணமான புதிதில்தான் கேட்டிருந்தான்.

சூடு ஏறியது. இந்தமுறை அவன் வட்டம் போடவில்லை. ஏறியது அப்படியே நின்றது. இரண்டு வாரம் தாண்டியும் இறங்காமல் நின்றால் பிள்ளை தங்கியிருக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். ஒரு வாரம் போய், இரண்டாவது வாரமும் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பீலியிலும் பேசவில்லை. "நல்லா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார்கள். ஜீவராஜ் "ம்" என்பான். உஷ்ணத்தைப் பற்றி அவனிடமிருந்து ஒரு அபிப்பிராயமும் வராதது கண்டு ஸ்டோரில் கவலைப்பட்டார்கள்.

பிறகு ஒரு காலையில் சுலக்ஷனா தர்மாமீட்டரை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

"எறங்கிருச்சு" என்றாள்.

அவன் அதை வாங்கிப் பார்த்தான். மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான். தண்ணீர் எடுக்க வேண்டும் என்பதால் குடத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வரிசையில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். நாகலெட்சுமி அக்கா கையை நீட்டினார்.

"குடத்தைக் குடுங்க தம்பி. நான் கொண்டாந்து வைக்கிறேன். நீங்க உள்ள போங்க. அவ தனியா இருக்கா."

சுலக்ஷனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் போய்ப் படுத்து, கம்பளிக்குள் காலை நீட்டினான். பீலியடியில் நனைந்த கால் அவள் காலில் பட்டது. அவள் துள்ளித் திரும்பினாள்.

"என்னங்க இப்படி ஜில்லுன்னு இருக்கு."

"எத்தனை டிகிரின்னு சொல்லு பாப்போம்."

அவள் கண் ஈரமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, தர்மாமீட்டரை எடுத்து, அவன் கால்விரல் இடுக்கில் சொருகினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு, அது சத்தம் கொடுக்கும்வரை மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார்கள்.

"நம்பரே வரல. ரொம்பக் கம்மியாம். நீங்க செத்துப்போய் நேரமாச்சு" என்றாள்.

அவன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்க அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தைச் சத்தம் வராமல் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அவன் கம்பளியை இழுத்து இருவரையும் மூடினான். கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது.

பெரட்டுக்கு எழும்புகிற நேரத்தில் சுலக்ஷனா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தர்மாமீட்டரை இரண்டு விரலால் தூக்கி, முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள்.

"வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இதை நான் இனி வாயில வைக்க மாட்டேன்" என்றாள்.